ஆயுத பூஜைக்குப் போட்ட கம்பி

லிஃப்ட் வாசலில் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது, ஆகவே நடந்துதான் ஏற வேண்டும், மொட்டை மாடி வரைக்கும் தொண்ணூற்றாறு படி, என் முழங்காலுக்கு இது வேண்டியதுதான் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். மேலே மோட்டார் அறையில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அம்மா காலையிலேயே வந்துவிட்டார், மெக்கானிக் லாசரும் அங்கேதான் இருக்கிறான், செக்ரட்டரியை வரச் சொல்லுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செக்ரட்டரி நான்தான். வெள்ளிங்கிரி, வயது அறுபத்து மூன்று, மில்லில் முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், ரிட்டயரான பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் இருபது வீட்டுக்காரர்களின் தண்ணீர்த் தொட்டியையும் குப்பைத் தொட்டியையும் லிஃப்டையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவன். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கிறது, வக்கீல் பழனியப்பன் நேற்று டைப் அடித்துக் கொடுத்தது. லிஃப்டின் கதவுப் பாதுகாப்பை மெக்கானிக் லாசர் எங்கள் சங்கத்துக்குத் தெரியாமல், தன்னிஷ்டமாகத் துண்டித்து வைத்திருந்தார் என்று அதில் இருக்கிறது. எனக்கு வேலை கீழே கையெழுத்துப் போடுவது மட்டும்தான். நல்ல தமிழ், ஒரு பிழை கிடையாது, உண்மை மட்டும் கிடையாது. அது கிடக்கட்டும், மகிழினிக்கு ஒன்றுமில்லை. நேற்றும் எழுந்தவுடன் இதைத்தான் சொல்லிக்கொண்டேன், இன்றும் பல் துலக்கும்போது சொன்னேன், பேஸ்டு நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன், மூன்றாம் மாடிப் பிரவீணாவின் குழந்தைக்கு, நாலு வயதுக்காரிக்கு, முழங்காலில் சிராய்ப்பு, அதைத் தவிர ஒன்றுமில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் இந்த வினையே பூஜையில்தானே தொடங்கியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள், நாங்கள் பிள்ளையாரை ஒழுங்காகத்தான் பிடித்தோம், லிஃப்ட் பெட்டிக்குள் பட்டன்களுக்கு மேலே சின்னதாக மஞ்சள் பிள்ளையார், கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை பங்கு போட்டு, எல்லாம் முறையாக. தரைத் தளத்து இழுப்புக் கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, குறுக்கே செண்டுமல்லி மாலை, தொடைத் தடிமன் இருக்கும், பூ மார்க்கெட்டுக்கு நானே போய் வாங்கிவந்தேன். கட்டி முடித்துக் கதவை இழுத்தால் இரண்டு விரற்கடை மூடவில்லை. மூடாத கதவோடு லிஃப்ட் நகராது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அதுதான் அதன் புத்தி. லாசர் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான், "மாலையைக் கழட்டி மேல மாட்டீறலாங்ண்ணா, இல்லாட்டி ரெண்டு நாளைக்கு லிஃப்ட நிப்பாட்டி வெச்சர்லாம்." பூஜை பண்ணிய மாலையை மறுநாள் வரைக்கும் கழற்றக் கூடாது என்றேன் நான். நிறுத்தினால் நாலாம் மாடிக்காரர்கள் என்னைக் கழற்றிவிடுவார்கள் என்றும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு கம்பியைப் போட்டு ஓட்ட முடியாதா என்று கேட்டேன். முடியும், எனக்கே தெரியும், மேலே பலகையில் இரண்டு திருகுக்கு நடுவே ஒரு சாண் சிவப்புக் கம்பி, அவ்வளவுதான், லிஃப்டைப் பொறுத்தவரை எல்லாக் கதவும் மூடிவிட்டது. எல்லாக் கதவும், அங்கேதான் இருக்கிறது விஷயம். மாலை கட்டியது ஒரு கதவில், ஆனால் ஐந்து தளத்துக் கதவுகளும் ஒரே வரிசையில் வருகிற கம்பி அது, ஒன்றை ஏமாற்றினால் ஐந்தையும் ஏமாற்றியதாகிறது. லாசர் தலையைச் சொறிந்தான். ரெண்டு நாளைக்குத்தானே என்றேன். போட்டுவிட்டு வந்தான்.

முதல் மாடி. மூச்சு வாங்குகிறது. மூன்றாவது நாள் லாசர் போன் பண்ணினான், அதை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், மறக்கவில்லை, குக்கர் மூன்றாவது விசில் அடித்ததுகூட நினைவிருக்கிறது. "வந்து அந்தக் கம்பிய எடுத்துப்போடட்டுங்களாண்ணா?" என்றான். "நல்லாத்தான ஓடுது, இருக்கட்டும் விடு லாசர், தீவாளி கழியட்டும்" என்றேன். ஏன் சொன்னேன்? சௌகரியமாக இருந்தது. ஆறு வருஷமாக இந்தக் கட்டடத்தில் ஓயாத சத்தம் ஒன்று உண்டு, யாரோ ஒருவர் இரண்டாம் மாடியில் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விடுவார், லிஃப்ட் அங்கேயே நிற்கும், கீழேயிருந்து கதவைச் சாத்துங்க, கதவைச் சாத்துங்க என்று கத்தல், பிறகு என் வீட்டு அழைப்பு மணி. கம்பி போட்ட பிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. பரவாயில்லையே, செக்ரட்டரி லிஃப்டைச் சரி பண்ணிவிட்டாரே என்று இரண்டு பேர் சொன்னார்கள், வாங்கிக்கொண்டேன். மில்லில் பல்சக்கரத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தன் எண்ணெய் போட்டான், அவனை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினவன் நான், மூடி இல்லாத மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன் என்னோடு வேலை பார்க்க வேண்டாம் என்று நூறு பேருக்கு முன்னால் சொன்னவன். அங்கே ஆயுத பூஜை என்றால் முதலில் ஃப்யூஸைப் பிடுங்கி ஆபீஸ் மேஜையில் வைப்போம், பிறகுதான் மாலை. மெஷின் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்பதுதானே பூஜையே. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு மாலை போட்டு, மாலைக்காக அதன் புத்தியைப் பிடுங்கி வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படி ஏற ஏற வலது ஆள்காட்டி விரல் குறுகுறுக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இப்படித்தான், எதைத் தொட்டாலும் அந்த பட்டன் வந்துவிடுகிறது. காய்கறிப் பையோடு கீழே நின்று பட்டனை அமுக்கினேன், விளக்கு எரிந்தது, மேலே மோட்டார் முனகியது, பெட்டி மூன்றாம் மாடியிலிருந்து கிளம்பியது. அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு பிரவீணா சொல்லித்தான் தெரியும். குழந்தையின் ஸ்கூல் பையை லிஃப்டுக்குள் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டத் திரும்பியிருக்கிறாள், இரண்டு கதவும் திறந்தபடி, மகிழினி ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்து நிற்கிறாள், எந்தக் குழந்தையும் அப்படித்தான் நிற்கும். கதவு திறந்திருக்கிறவரை லிஃப்ட் நகராது என்று அந்தத் தாய் நம்பியிருக்கிறாள். நம்பாமல்? ஆறு வருஷமாக அப்படித்தானே இருந்தது. பெட்டி இறங்கத் தொடங்கியதும் குழந்தை தரை விளிம்பில் உட்கார்ந்த மாதிரி விழுந்து, ஒரு கால் பெட்டிக்குள் தொங்க, பெட்டியின் மேல் விட்டம் கீழே வந்துகொண்டிருந்தது. வேண்டாம், அதற்கு மேல் நினைக்கக் கூடாது, நினைத்தால் இந்தக் கைப்பிடி போதாது. ஒரு முழம் இறங்கியிருக்கும், கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணி முதல் என்று பேப்பரில் போட்டிருந்தது. இந்த மாதாந்திர மின்தடைக்காக எத்தனை போன், எத்தனை புகார், ஒன்பது என்றால் ஒன்பதுக்கே நிறுத்த வேண்டுமா என்று எத்தனை சண்டை. எந்த மகராசனோ எந்த மகராசியோ எங்கேயோ ஒரு துணை மின்நிலையத்தில் ஒன்பது அடித்ததும் கையை உயர்த்தி இழுத்திருக்கிறார்கள், அரை நொடி டீயை உறிஞ்சிவிட்டு இழுக்கலாம் என்று நினைக்கவில்லை. அவர்கள் யாரென்று தெரிந்தால் வீடு தேடிப் போய்க் கும்பிடுவேன்.

ஜெனரேட்டர் வேறு இருக்கிறது எங்களுக்கு, கரண்ட் போனால் வாட்ச்மேன் ஓடிப்போய்ப் போட்டுவிடுவார், லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து ஓடும். அன்றைக்கு டீசல் இல்லை. ஒரு வாரமாக வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான். என் ஒரு சோம்பல் கொல்லப் பார்த்த பிள்ளையை என் இன்னொரு சோம்பல் காப்பாற்றியது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, வக்கீல்கூட அதை எழுத மாட்டார். கீழே இருட்டில் நின்றிருந்தேன், கதவின் இடுக்கு வழியாக ஏதோ விழுவது தெரிந்தது, டப்பென்று குழிக்குள். எட்டிப் பார்த்தால் ரோஸ் கலர்ச் செருப்பு, மிதித்தால் விளக்கு எரியுமே அந்த மாதிரி, குழிக்குள் சிவப்பும் பச்சையுமாக மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கால் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மூன்று மாடி ஓடினேன், இந்த முழங்காலோடு, எப்படி ஓடினேன் என்று இன்றைக்கு ஒவ்வொரு படியும் கேட்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், காலுக்கு வந்தது செருப்போடு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு காலும் இருந்தன. பத்து விரலையும் எண்ணினேன், வீறிட்டு அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பத்தையும் எண்ணினேன், சரியாக வந்தது, மறுபடி எண்ணினேன்.

இரண்டாம் மாடியில் ஒருவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். இரண்டு நாளாக இதுதான். செக்ரட்டரி மெயினை அணைத்துக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார் என்று யாரோ வாட்ஸப்பில் போட்டார்கள், கும்பிடு கும்பிடாக வந்து விழுந்தது, நான் பதில் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. பேசாமல் இருப்பது பொய்யா என்று வக்கீலிடம் கேட்டேன். பழனியப்பன் நல்ல மனுஷர்தான், இருபது வருஷப் பழக்கம், காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், "லைசென்சு சங்கத்து பேருல இருக்குது, சங்கத்துக்குக் கையெழுத்து நீங்க. உசுரு போயிருந்தா உங்களத்தானுங்க உள்ள வெச்சிருப்பாங்க. போகலைன்னாலும் கேசு கேசுதான், பாதுகாப்பக் கழட்டச் சொன்னது நீங்கன்னு ஆச்சுன்னா கோர்ட்டு வாசல்லயே மிச்ச வயசு போயிரும். எழுத்துல ஒண்ணும் இல்லைங்கறது உங்களுக்குக் கெடச்ச வரம். அவன் சொல்லட்டும், நீங்க இல்லைன்னுருங்க." லாசருக்கு என்ன ஆகும் என்றேன். பெர்மிட்டு போகும், கேசும் வரும், வேற பொழப்புப் பார்த்துக்குவான் என்றார். லாசருக்கு நாற்பத்தைந்து வயது, பதினெட்டு வயதிலிருந்து லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறுகிறவன், வேறு பிழைப்பு எந்தக் கடையில் விற்கிறது என்று நான் கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்தேன், மடித்த கையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மேலே ஏறுகிற ஒவ்வொரு படியிலும் பயம்தான் முன்னால் நடக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, மனைவி ருக்மணியின் முகம், சொந்தக்காரர்கள், மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பேப்பரில் படிப்பது.

மூன்றாம் மாடி வந்துவிட்டது, பிரவீணாவின் கதவு திறந்திருக்கிறது, மெதுவாகத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தால் முடிகிறதா. "வாங்க அங்கிள், நடந்தேவா வந்தீங்க?" என்று ஓடி வருகிறாள், கையில் சக்கரைப் பொங்கல் தொன்னை, கோயிலில் வேண்டுதல் செலுத்திவிட்டு வந்தாளாம், முதல் பங்கு எனக்காம். அவளுக்குப் பின்னால் மகிழினி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வருகிறாள், முழங்காலில் பிளாஸ்திரி, பிளாஸ்திரி மேல் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்திருக்கிறாள். "இதுக்குப் பேரு வெச்சிருக்கனே" என்கிறாள் என்னிடம். என்ன பேர் என்று கேட்க வாய் வரவில்லை, இந்தக் குழந்தை ஒற்றைக் காலில் குதிப்பது விளையாட்டுக்கு, விளையாட்டுக்குத்தான், இன்னொரு கால் பத்திரமாக மடங்கிப் பின்னால் இருக்கிறது. சாமீ. பிரவீணா பேசிக்கொண்டே இருக்கிறாள், "அந்த மெக்கானிக்க சும்மா விடக் கூடாதுங் அங்கிள். எம் புள்ளைய எமன்கிட்ட நிக்க வெச்சிட்டானுங்க. மேடம் என்னையும் வரச் சொன்னாங்க, நான் வந்து சொல்லத்தான் போறேன். நீங்க மட்டும் அன்னைக்கு இல்லீன்னா..." முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். இப்போது சொல்லிவிடு என்கிறது உள்ளே ஒன்று, தொன்னையை வாங்காதே என்கிறது. வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது, நெய் விரலில் ஒட்டியது, சாப்பிடவில்லை, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். கோழை என்று யாராவது என்னைத் திட்டினால் தேவலை, இவள் நன்றி சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஏறுகிறாள், குழந்தையின் கை என் தோளைத் தட்டிக்கொண்டே வருகிறது, தாத்தா மெதுவா, தாத்தா மெதுவா.

நாலாம் மாடி, மொட்டை மாடி, வெயிலில் கண் கூசுகிறது. மோட்டார் அறைக்குள் கிரீஸ் வாசனை, எனக்குப் பழகிய வாசனை, முப்பத்தொரு வருஷம் என்னைக் காப்பாற்றிய வாசனை. இன்ஸ்பெக்டர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், நாற்பது வயது இருக்கும், காட்டன் சேலை, மடியில் ஃபைல். கட்டுப்பாட்டுப் பலகை திறந்தே கிடக்கிறது, அந்தச் சிவப்புக் கம்பி இரண்டு திருகுக்கு நடுவே எந்தப் பாவமும் அறியாத மாதிரி வளைந்து நிற்கிறது. லாசர் சுவரோரமாக நிற்கிறான், என்னைப் பார்த்ததும், இந்த நிலைமையிலும், "வாங்ண்ணா, தல பாத்து, நெல இடிக்கும்" என்கிறான். "நீங்கதான் செக்ரட்டரியா? இந்தக் கம்பியைத் தான்தான் போட்டேன்னு இவர் ஒத்துக்கிறார். யார் சொல்லிப் போட்டீங்கன்னு ஒரு மணி நேரமாக் கேக்கறேன், வாயைத் திறக்க மாட்டேங்கறார். செக்ரட்டரி வருவார், அவரே சொல்லுவார்ங்கறார். நீங்க சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. லாசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, நான் சொல்லுவேன் என்று மட்டும் நினைத்திருக்கிறான், ஒரு மணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், என்னைப் பற்றி நானே அப்படி நினைத்து இரண்டு நாளாயிற்று. அவனுக்கு எப்படி நன்றி சொல்வது? பையிலிருக்கிற தாளை நான் எடுக்கவில்லை. "நான் சொல்லித்தானுங்க போட்டான்" என்றேன். "ஆயுத பூஜை மாலைக்காக. மாலையக் கழட்டலாம்னுதான் அவன் சொன்னான், நாந்தான் கேக்கல. மூணாவது நாளு எடுக்கட்டுங்களான்னு போன் பண்ணினான், வேண்டாம்னதும் நாந்தானுங்க. அப்பறம் மெயின நான் அணைக்கலீங்க, கரண்டு அதாப் போச்சு. அன்னைக்குக் கீழ நின்னு பட்டன அமுக்கினதும் நாந்தான்."

எனக்குப் பக்கத்தில்தான் பிரவீணா நின்றிருந்தாள், குழந்தை என் பக்கமாக அவள் இடுப்பில் இருந்தாள், என் சட்டைக் காலரைப் பிடித்தபடி. பிரவீணா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், ஒரு அடி தள்ளி நின்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் துக்கம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. நியாயம்தானே, இந்தத் தாய் இப்போது சரியான ஆளிடமிருந்து தள்ளி நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் அம்மா லாசரிடம் திரும்பி, "சொன்னாங்கங்கறதுக்காகப் போட்டுடுவீங்களா? உங்க மேலயும் தப்பு இருக்கு, ஆனா அது வேற தப்பு" என்றார். லாசர் தலையை ஆட்டினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவர் ஃபைலிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பத் தொடங்கினார். விபத்து நடந்த நாள். இடம். லிஃப்டின் வகை. அடுத்தது, இறந்தவர் பெயர், வயது. பேனா அங்கே வந்து நின்றது, அவர் பிரவீணாவின் இடுப்பில் காலாட்டிக்கொண்டிருந்தவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், 'இல்லை' என்று எழுதினார். காயம், வலது முழங்கால், சிராய்ப்பு. "பொறுப்பாளர் பேர் சொல்லுங்க, இனிஷியலோட." நின்ற இடத்திலிருந்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்த அந்த 'இல்லை'யை இன்னொரு தரம் படித்தேன், அவர் எழுதிக்கொள்ள வசதியாக என் பேரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.